ஊசி குத்திக்கொள்ளட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: டாக்டர், வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு முழங்காலிலும் இடுப்பிலும் ஓயாத வலி. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. நாலு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா பையன் சீன மூலிகை மாத்திரை ஒரு பாட்டில் கொடுத்துவிட்டான். மிளகு அளவில் கருப்பாக இருக்கும். மூன்றே நாளில் வலி போய்விட்டது. ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறார். ஆனால் சர்க்கரை 290க்கு ஏறிவிட்டது, முகம் உப்பியிருக்கிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. இதற்கிடையில் எங்கள் ஊர் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அக்குபஞ்சர் முகாம் நடக்கிறது. நாடி பார்த்து ஒரே இடத்தில் விரல் வைக்கிறார்கள். "இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் உடம்பில் சேரும் கழிவு, அடுத்த வெள்ளியிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்கிறார் அவர். அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை, எனக்குப் பயம். அக்குபஞ்சர் உண்மையா? சீன மூலிகை சாப்பிடலாமா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலையே உங்களுக்குப் போன் செய்தேன். இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஈறில் ரத்தம் வந்தால் அன்றைக்கே ஐ.என்.ஆர் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தாக வேண்டும். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக மீதியையும் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு அந்த அளவு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அவருடைய நோட்டிலேயே எழுதியிருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தபோது 6.2. ரத்தம் உறைய வேண்டிய நேரத்துக்கு உறையாத நிலை அது. ஒரு நாள் மழையில் படியில் வழுக்கித் தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அளவு இறங்கி வருகிறது என்று நேற்று சொன்னீர்கள். சந்தோஷம்.

முதலில் உங்கள் மூன்றாவது கேள்வி. நிறுத்தக் கூடாது. வார்ஃபரினை எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு வைத்திருப்பது உலோக வால்வு. உடம்பைப் பொறுத்தவரை அது அந்நியப் பொருள். ரத்தம் அதன்மேல் உறைந்து ஒட்டப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த உறைகட்டி வால்வையே அசையவிடாமல் பிடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பிய்ந்துபோய் மூளையில் அடைத்துக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிடலாம். இதைத் தடுப்பது அந்தச் சின்ன மாத்திரை ஒன்றுதான். எந்தப் புள்ளியில் எத்தனை ஊசி குத்தினாலும், விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும், அந்த வேலையைச் செய்ய முடியாது. 22 வருஷமாகக் குன்னூரில் அக்குபஞ்சர் ஊசி பிடிக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். இந்த ஊசியை நான் நேசிக்கிறேன். அதனால்தான் அந்த முகாமில் சொன்னதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

சரி, அப்போது அக்குபஞ்சர் உண்மையா?

வலிக்கு ஓரளவு உதவும் என்பது உண்மை. எல்லா நோய்க்கும் மருந்து என்பது உண்மை இல்லை. ஜெர்மனியில் நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். முடிவு 2007இல் வந்தது. ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, பிசியோதெரபி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் நூற்றுக்கு 47 பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம். இரண்டாவதில் 44. வழக்கமான சிகிச்சையில் 27தான். ஊசி குத்தியவர்களுக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. ஆனால் "சரியான" புள்ளிக்கும் "தவறான" இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கு இதைச் சொன்னால் பிடிக்காது. எனக்கு இது முக்கியமான உண்மையாகப் படுகிறது. நரம்பைத் தூண்டுவது, கவனித்துக்கொள்ளும் ஒரு கை, அரை மணி நேரம் அசையாமல் கிடக்கும் ஓய்வு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது. சீன மருத்துவம் சொல்லும் சக்தி ஓடும் பாதை இன்ன விரலில் தொடங்கி இன்ன இடத்தில் முடிகிறது என்று படத்தில் போட்டிருப்பதை நான் ஒரு வரைபடமாகப் பயன்படுத்துகிறேன். அறுத்துப் பார்த்தால் கிடைக்கும் குழாய் என்று யாரிடமும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் மூத்தவர்களுக்கான மெடிகேர் காப்பீடு 2020இலிருந்து நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாளில் 12 முறை வரை அக்குபஞ்சருக்குப் பணம் கொடுக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2021இல் காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு அக்குபஞ்சரை யோசிக்கலாம் என்றது. அடுத்த வருஷமே, மூட்டுத் தேய்மானத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சிதான் முதல் மருந்து என்றது. அதனால் உங்கள் அம்மாவின் இடுப்புக்கு ஊசியிலிருந்து கொஞ்சம் எதிர்பார்க்கலாம். முழங்காலுக்கு அதைவிடக் குறைவாக எதிர்பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முழங்காலிலும் சிலருக்கு நல்ல ஆறுதல் கிடைக்கிறது. ஆறு முறை குத்தியும் படி இறங்குவதில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நானே நிறுத்திவிடுவேன்.

ஊசி என்றால் அம்மா பயப்படுவார் என்று போனில் சொன்னீர்களே, அதனால் ஊசி போடும்போது என்ன நடக்கும் என்று எழுதுகிறேன். மருந்து ஏற்றும் ஊசி உள்ளே துளையுள்ள குழாய். அக்குபஞ்சர் ஊசியில் துளை கிடையாது. கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். மூடிய பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். முழங்கால் சிப்பிக்கு நாலு விரல் கீழே, எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு புள்ளி இருக்கிறது. அந்த இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சின்னப் பிளாஸ்டிக் குழலை வைத்து, ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டு. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. கொஞ்சம் உள்ளே இறக்கித் திருகும்போதுதான் ஓர் உணர்வு வரும். "கனமா இருக்கு டாக்டர்" என்பார்கள் சிலர். "கணுக்கால் வரைக்கும் ஏதோ இழுக்குது" என்பார்கள் வேறு சிலர். அந்தக் கனம் வந்தால் போதும், மேலே குத்த மாட்டேன். இருபது, இருபத்தைந்து நிமிஷம் அப்படியே விட்டுவிடுவேன். டிசம்பர் குளிரில் காலுக்கு மேல் விளக்குச் சூடு வைத்தால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். வருஷக்கணக்காக விடிகாலை எழுந்து வேலைக்குப் போனவர்களுக்கு யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம் கிடைப்பதே அபூர்வம்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஐ.என்.ஆர் அளவுக்குள் வரும்வரை ஒரு ஊசிகூடக் கிடையாது. வந்த பிறகும் ஆழமாகக் குத்தக் கூடாது, எடுத்த இடத்தைப் பஞ்சால் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். தோலைக் கீறிக் கிண்ணம் கவிழ்த்து ரத்தம் எடுக்கும் கப்பிங் வேண்டவே வேண்டாம். காதில் குட்டி ஊசி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள் சிலர். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அந்தத் துளை வழியாகக் கிருமி நுழைந்து வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் மாக்ஸா சூடும் கூடாது. சுடுவது அவருக்கே தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். மாக்ஸா என்பது உலர்த்திய ஒரு மூலிகையைச் சுருட்டுப்போல் உருட்டிக் கொளுத்திப் புள்ளிக்கு அருகில் காட்டுவது. நம் மலையில் ரோட்டோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் மாசிப்பத்திரியின் உறவுக்காரச் செடி அது.

முகாம் நடத்துகிறவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல எண்ணத்தில் செய்கிறவராகவே இருக்கலாம். ஆனால் அக்கு என்றால் ஊசி. விரல் வைப்பதை எந்தப் பெயரில் அழைத்தாலும், மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதைப் பற்றியவை அல்ல. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மத்திய சுகாதாரத் துறை 2019இல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதற்கென்றே சட்டம் இருக்கிறது. நம் ஊரில் யோகா, இயற்கை மருத்துவம் ஐந்தரை ஆண்டு படித்தவர்களுக்கு அது பாடத்திலேயே உண்டு. என்னைப்போல் எம்.பி.பி.எஸ் முடித்துப் பிறகு கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறோம். இவர்களில் யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒருவர் அம்மாவின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்க்காமலே "நிறுத்து" என்றால், எண் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவுக்கு இந்தக் கலையைக் கொண்டுவந்தவர் பிஜய் குமார் பாசு என்ற வங்காள மருத்துவர். 1938இல் சீனப் போர்முனைக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவர், அங்கேயே உயிர்விட்ட கோட்னிஸின் தோழர். நம்மிடம் இதைக் கொண்டுவந்ததே அலோபதி படித்த ஒரு கைதான். சீனாவிலும் இன்று பாரம்பரிய மருத்துவமனை என்று போர்டு போட்ட இடத்துக்குள்ளேயே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கின்றன. ஒரு நோயாளிக்குக் கஷாயத்தையும் மாத்திரையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மாத்திரை என்றாலே கழிவு என்பது சீனப் பாடம் இல்லை.

அப்புறம் அந்த பாட்டில். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் கலக்கம் தந்தது அதுதான்.

மூலிகையில் மருந்து இல்லை என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கூடலூர் போகும் வழியில் நடுவட்டம் இருக்கிறது பாருங்கள், அங்கே 1860களில் வெள்ளைக்காரர்கள் சின்கோனா மரம் வளர்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அங்கேயே சிறைவைத்திருந்தார்கள். அந்த மரப்பட்டையிலிருந்து வந்த கொய்னாதான் அன்றைய மலேரியா மருந்து. நூறு வருஷம் கழித்து மலேரியாக் கிருமி பழைய மருந்துகளுக்கு மசியாமல் போனபோது, சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய மருத்துவச் சுவடிகளைப் புரட்டினார். நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில், சிங்ஹாவ் என்ற செடியைக் கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி அவருக்குப் பொறி தட்டியது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டு, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறு எடுத்தார். 1971இல் அது எலிகளில் மலேரியாவை முழுக்க அழித்தது. அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் ஆர்டிமிசினின் என்ற மருந்து. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செடியும் நம் மாசிப்பத்திரியின் இனம்தான். ஆனால் காய்ச்சல் வந்தால் வேலியோரச் செடியைப் பறித்து அரைத்துக் குடி என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தெடுத்து, எத்தனை மில்லிகிராம் என்று அளந்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அது மருந்தாயிற்று.

உங்கள் மாமா பையன் அனுப்பிய பாட்டிலில் அந்த அளவு இல்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் சீன எழுத்தும் ஒரு மான் படமும்தான் தெரிகிறது. மூட்டுவலிக்கு மூலிகை மாத்திரை என்று விற்பதில் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட விஷயம். முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்த மூட்டின் வலி எந்த மூலிகைக்கும் மூன்று நாளில் பறக்காது. மூன்று நாளில் வலி போகிறது, பசி கூடுகிறது, முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டீராய்டைத்தான். சோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். ஆனாலும் அந்தச் சந்தேகத்தால்தான் போனில், நீங்களாக உடனே நிறுத்தவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம், பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொன்னேன். சில வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் உடம்பின் சொந்தச் சுரப்பி வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று போகலாம். படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலப்படமே இல்லாத நல்ல சீன மூலிகையாக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. தாங்குய், தன்ஷென் என்று இரண்டு வேர்கள் சீன மருந்துகளில் சர்வசாதாரணமாகச் சேரும். இரண்டுமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அந்த 6.2க்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அதிமதுரம் அவர்களுடைய கஷாயங்களில் பாதிக்கு மேல் சேர்க்கும் சரக்கு. நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நம் சித்த மருந்திலும் அதே அதிமதுரம்தான், அதே எச்சரிக்கைதான்.

"இயற்கைதானே, கெடுதல் செய்யாது" என்று மாமா பையன் சொன்னதாகப் போனில் சொன்னீர்கள். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் ஓர் உடல் இளைப்பு மையத்தில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொரு வேர் கலந்துவிட்டது. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டிவந்தது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தத் தவறான வேரில் இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம். இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும் அதே இனம், அதே அமிலம் அவற்றிலும் உண்டு. ஆடு தொடாத செடி என்று பெயர் வைத்த நம் பெரியவர்களுக்குச் செடியின் குணம் தெரிந்திருந்தது. கைவைத்தியம் என்று யாராவது அதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. மலையில் யார் வீட்டிலும் இருக்கும் என்பதால் கேட்கிறேன். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வின்டர்கிரீன் எண்ணெய் விற்பார்கள், மூட்டுவலிக்கு நல்லதென்று. அதன் சத்து ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியாகவே உள்ளே போய் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவை உண்டாக்கியிருக்கிறது. அம்மா தினம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தி, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலிக்கு இப்போதைக்குப் பாரசிட்டமால், அதுவும் அவர் டாக்டர் சொல்லும் அளவில் மட்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம்.

முழங்காலுக்கு நான் ஊசிக்கு முன்னால் சொல்வது ஒரு பயிற்சி. திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகும்படி பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து தடவை, காலையிலும் மாலையிலும். கொழுந்துப் பையைச் சுமந்து சரிவில் இறங்கிய கால்களுக்குத் தொடைச் சதைதான் தூண். அது தளர்ந்தால் முழங்கால் தனியாக எடையைத் தாங்குகிறது. இரண்டு மாதம் விடாமல் செய்தால் படி இறங்கும்போது அவருக்கே தெரியும்.

அம்மாவிடம் அந்த வெள்ளிக்கிழமைக்காரரைத் திட்ட வேண்டாம். அவர் அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்து, எங்கே வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறார். நெரிசலான ஓ.பி.யில் எங்களில் பலர் அதைச் செய்வதில்லை. அம்மா அங்கே போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "ஊசி போட்டுக்கொள்ளலாம் அம்மா, மாத்திரையும் சாப்பிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். மாமா பையனிடமும் கோபப்படாதீர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அத்தைக்காக வாங்கியிருக்கிறான். அடுத்த தடவை வரும்போது நல்ல ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஐ.என்.ஆர் இரண்டு தடவை தொடர்ந்து அளவுக்குள் வந்ததும், இதய மருத்துவர் சரியென்றால், குன்னூருக்குக் கூட்டிவாருங்கள். நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி குத்தும்போது மயக்கம் வரலாம். அன்றைக்கு வார்ஃபரின் சாப்பிட வேண்டிய வேளையில் சாப்பிடட்டும்.